கசிந்த கடல்நீர்த் தொட்டிக்குப் பூசிய சிலிக்கோன் பசை

அடி மூலையில் வெள்ளை உப்புப் படிவம் வழியே கசிவைக் காட்டிக்கொடுத்த கடல்நீர் மீன்தொட்டியைக் காலி செய்து, பவளங்களையும் உயிர்ப்பாறைகளையும் (நுண்ணுயிர்கள் குடியேறிய பாறைத் துண்டுகள்) ஹீட்டரும் நீரோட்ட மோட்டாரும் பொருத்திய பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றிய பிறகு, மீன்தொட்டிகளுக்கென்றே விற்கப்படும் கறுப்பு சிலிக்கோன் பசையால் உட்புற இணைப்புகள் அனைத்தையும் புதிதாகப் பூசினேன். இதில் பூஞ்சைக்கொல்லி இல்லை என்பதே முதல் தகுதி. குளியலறைக்கென விற்கும் பல பசைகளில் அது கலந்திருப்பதால், அவற்றைத் தொட்டிக்குள் பயன்படுத்தவே கூடாது.

பசையின் பதம் அருமை. செங்குத்தான மூலையில்கூட வழியாமல் நிற்கிறது. ஆனால் சில நிமிடங்களிலேயே மேலே ஆடை படியத் தொடங்குவதால், விரலால் வழித்துவிட்டு, இருபுறமும் ஒட்டிய நாடாவைத் தாமதமின்றி உரித்துவிட வேண்டும். இறுகிய பழைய சிலிக்கோன் மீது புதியது சரியாகப் பிடிக்காது. ஆகவே பழையதை பிளேடால் முழுவதும் சுரண்டி, கண்ணாடியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இவ்வளவு முக்கியமான செய்தியை உறையில் ஒற்றை வரியில் முடித்திருப்பது பெருங்குறை.

இறுகும்போது எழும் வினிகர் நெடி, வெளியேறும் அசிட்டிக் அமிலத்தினுடையது. உறையில் 24 மணி நேரம் என்றிருந்தாலும், தடித்த பூச்சு உள்வரை இறுகி நெடி அறவே அடங்க ஒரு வாரம் விட்டு, முதலில் நன்னீர் நிரப்பிச் சோதித்த பின்னரே 1.025 ஒப்படர்த்தியுள்ள (நன்னீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) உப்புநீருக்கு மாறுவது நல்லது. உட்பூச்சுப் பழுதுகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள இணைப்பே விட்டுப்போயிருந்தால், அவற்றைப் பிரித்து மறுபடி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.