டியூஷனா, உபகாரச் சம்பளமா, வாசிப்பு வகுப்பா?

கோலாலம்பூரில் செந்தூல் பக்கம், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு கட்டிய ஒரு பிபிஆர் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபம். சனிக்கிழமை காலை, படிவம் 2, அதாவது இடைநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டு, அறிவியல் வகுப்பு. ஒரு பையன் மலாய்க் கேள்வியில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து ‘ஹுராய்கன்’ என்ற சொல்லில் நின்றுவிட்டான். ‘விளக்குக’ என்றேன். அவ்வளவுதான், ஒளிச்சேர்க்கையைத் தமிழில் கடகடவென்று சொல்லி முடித்தான். ஆறு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பாடமொழி மலாய்க்கு மாறுகிறது. அங்கேதான் பல பிள்ளைகள் சத்தமில்லாமல் பின்தங்குகிறார்கள்.

நம் பிள்ளைகளுக்காக எந்தத் திட்டம் வந்தாலும், இந்தப் பையனுக்கு அது என்ன செய்யும் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

உபகாரச் சம்பளம் நல்ல உதவி. கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்துவிடும். ஆனால் இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் அரசுத் தேர்வான எஸ்பிஎம்மில் நல்ல தேர்ச்சி பெற்றவருக்குத்தான் அது கிடைக்கும். இவன் அந்த வரிசைக்கே வந்து சேரமாட்டான்.

டியூஷன் நமக்குப் பழகிய வழி. ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் 1982 முதல் இதைச் செய்து வருகிறது. அந்த உழைப்பு பெரியது. பொதுவாக டியூஷன் வகுப்புகளை எடைபோடும் விதத்தில்தான் எனக்குக் குறை. ‘எங்களிடம் படித்தவர்களில் இத்தனை பேர் தேறினார்கள்’ என்பார்கள். சனிக்கிழமை காலையில் எழுப்பி அனுப்ப ஆள் இருக்கும் வீட்டுப் பிள்ளைதானே தவறாமல் வருகிறது? வகுப்பே இல்லாவிட்டாலும் அதில் பாதிப் பேர் தேறியிருக்கலாம். நடுவில் நின்றுபோனவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

மூன்றாவது, வாசிப்பு வகுப்பு. மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை பிரதம் என்ற இந்தியக் கல்வித் தொண்டு அமைப்பின் ‘பால்சகி’ திட்டத்தை ஆராய்ந்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி நேரத்திலேயே தினமும் சுமார் இரண்டு மணி நேரம் தனியாக அழைத்துப்போய், அந்த ஊர் இளம்பெண்கள் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் சொல்லிக் கொடுத்தார்கள். எந்தப் பள்ளியில் எந்த வகுப்புக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ததால் ஒப்பீடு நேர்மையாக அமைந்தது. மதிப்பெண் உயர்ந்தது, அதிகப் பலன் கடைசி வரிசைப் பிள்ளைகளுக்கு. திட்டம் முடிந்து ஓர் ஆண்டில் அந்தப் பலன் கணிசமாகத் தேய்ந்தும் போனது. ஆகவே ஒரு வருடம் நடத்திவிட்டு நிறுத்துவதில் பயனில்லை.

கையில் ஒன்றுக்கு மட்டும் பணம் இருந்தால், தமிழ்ப்பள்ளி ஐந்தாம் ஆண்டிலிருந்து படிவம் 2 வரை மலாய் வாசிப்பு வகுப்புக்கே கொடுப்பேன். வயதைப் பார்க்காமல் வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரிக்க வேண்டும். முதல் வாரம் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொள்ளலாம். ஆறு மாதம் கழித்து அதே கடினத்தில் வேறொரு பக்கம். இடம் போதாவிட்டால் சீட்டுக் குலுக்கி, பெயர் வராதவர்களை அடுத்த சுற்றில் சேர்க்கலாம். இரண்டு தரப்பையும் ஒப்பிட்டால் வகுப்பு உதவியதா என்று தெரிந்துவிடும்.

அப்புறம், நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். போன மாதம் பத்தாவது மாடியில் ஒரு கதவைத் தட்டினேன். அம்மா வேலையிலிருந்து வரும்வரை தம்பியைப் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளை வீட்டில் இருந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். இப்போது இருவரும் வருகிறார்கள்.