மாடியில் டிரம்ஸ்: பெரிய மாட்யூலா, லேப்டாப்பா?

திருவொற்றியூரில் எங்கள் வீடு முதல் மாடி. கீழே வீட்டுக்காரர் குடும்பம். ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது. முன்னால் இருக்கும் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் விடிய விடிய ஓடும். அவ்வளவு இரைச்சலிலும் டிரம்ஸ் சத்தம் தனியாகத் தெரியும். அடியில் கம்பிகள் கட்டிய ஸ்னேர் டிரம்மை ஓங்கி ஒரு அடி அடித்தால் 100 டெசிபலைத் தாண்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும், அப்பப்போ கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளிலும் நிஜ டிரம்ஸில் உட்காருகிறேன். வீட்டில் பயிற்சி எடுக்க எலக்ட்ரானிக் கிட் தவிர வேறு வழியில்லை.

கையில் என்ன பணம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தபோது இரண்டு வழிகள் தெரிந்தன. கடன் வாங்கி ஒன்றரை லட்சம் ரூபாய் அளவில் நல்ல மாட்யூலோடு (அடிக்கும் பேடுகளுக்கு ஒலி கொடுக்கும் பெட்டி) வரும் புது கிட்டை எடுப்பது ஒன்று. கைமாறிய நடுத்தர மெஷ் (வலைத் தோல்) கிட் ஒன்றை வாங்கி, அதை லேப்டாப்பில் ஓடும் டிரம் மென்பொருளோடு இணைப்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எடுத்தேன். கிட் 34,000, ஆடியோ இன்டர்ஃபேஸ் (லேப்டாப்போடு இணைக்கும் ஒலிப் பெட்டி), மென்பொருள், ஒயர்கள் எல்லாம் சேர்த்து 65,000-க்குள் முடிந்தது. லேப்டாப் ஏற்கெனவே இருந்தது. எட்டு மாதமாக வாசிக்கிறேன். எனவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் பேட் கிட் பற்றி அதிகம் பேச வேண்டாம். 1981-ல் வந்த சிம்மன்ஸ் நிறுவனத்தின் அறுகோண பேடுகள் பிளாஸ்டிக் பலகை மாதிரிக் கடினம், மணிக்கட்டு வலிக்கும் என்பது அப்போதே பெயர்பெற்ற குறை. ரப்பர் அதைவிட மேல். எங்கள் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் ஆக்டபேட் (எட்டு ரப்பர் பேடுகள் கொண்ட கருவி) இல்லாத மேடையே கிடையாது, அதில் ரப்பர் அருமையாக உழைக்கிறது. ஆனால் டிரம்ஸ் பழக அது உதவாது. குச்சி துள்ளி வரும் விதம் தோலில் வருவது போல இல்லை, கை தப்பாகப் பழகிவிடும். ரோலண்ட் நிறுவனம் 1997-ல் டிடி-10 கிட்டோடு வலைத் தோலைக் கொண்டுவந்த பிறகுதான் குச்சிக்கு உண்மையான துள்ளல் கிடைத்தது. இன்று நடுத்தர விலை கிட்டிலேயே மெஷ் வருகிறது. அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வழிகளையும் பிரித்துக் காட்டுவது மெல்லிய அடிதான்.

ஓங்கி அடிக்கும் அடி எந்த கிட்டிலும் நன்றாகவே கேட்கும். கடையில் உட்கார்ந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் ஓங்கித்தான் அடிக்கிறார்கள், அதனால் எல்லா கிட்டும் ஒன்றுபோலத் தெரியும். கானா தாளம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டோலக்கில் விரல் நுனியால் தட்டுகிற சின்னச் சின்ன அடிகளை டிரம்ஸில் ஸ்னேர் மீது குச்சி நுனியால் விடும் மெல்லிய அடிகளாக மாற்றித்தான் வாசிப்போம். பெரிய அடிகளுக்கு நடுவில் அவை கேட்டும் கேட்காமலும் ஓடிக்கொண்டே இருக்கும். அவை சாகும்போது தாளம் மொட்டையாகிவிடும்.

நிஜ ஸ்னேரில் மெல்ல அடித்தால் ஒலி சின்னதாவதோடு நிற்பதில்லை, அதன் நிறமே மாறுகிறது. தோலின் முழக்கம் அடங்கி, அடியில் இருக்கும் கம்பிகளின் சரசரப்பு முன்னால் வரும். நான் வாசித்துப் பார்த்த நடுத்தர மாட்யூல்களில் மெல்லிய அடி, பெரிய அடியின் ஒலியையே வால்யூம் குறைத்து வைத்தது போலக் கேட்டது. வேகமாக ஒரு ரோல் போட்டால் ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்து தையல் மெஷின் ஓடுவது போல இருக்கும். மென்பொருளில் ஒவ்வொரு டிரம்மையும் பல பலங்களில், ஒரே பலத்திலும் பல தடவை அடித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்தடுத்த இரண்டு அடி அதே ஒலியாக வராது. 2017-ல் வந்த சுப்பீரியர் டிரம்மர் 3 என்ற மென்பொருளின் ஒலிக்கோப்புகள் மட்டும் 230 ஜிபிக்கு மேல். பெல்ஜியத்தின் கேலக்ஸி ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் மாசன்பர்க் பதிவு செய்தவை. நான் வாங்கியது அதைவிடச் சின்ன மென்பொருள். அதிலேயே வித்தியாசம் முதல் நாளில் தெரிந்தது.

ஆனால் மென்பொருளை நிறுவிய அன்றே இந்த ஒலி வந்துவிடாது. முதல் வாரம் எனக்கு ஏமாற்றம்தான். எப்படி அடித்தாலும் ஒரே முரட்டுத்தனமாகக் கேட்டது. காரணத்தைக் கண்டுபிடித்தது என் மகள்.

பேடை அடிக்கும்போது அடியின் பலத்தை மாட்யூல் 1 முதல் 127 வரை ஒரு எண்ணாக மாற்றி லேப்டாப்புக்கு அனுப்பும். அந்த எண் திரையில் தெரியும். ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு நான் அடிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தாள்: "127... 127... 124... 127." நான் சாதாரணமாக அடித்த அடிகளே உச்சத்தில் முட்டிக்கொண்டிருந்தன. அப்புறம் மெல்லத் தட்டினேன். "ஒண்ணுமே வரலப்பா" என்றாள். மென்பொருளில் நல்ல ஒலி இருந்தும் அது கேட்காததற்குக் காரணம் அங்கே இருந்தது. மேலே இடமில்லை, கீழே எதுவும் பதிவாகவில்லை.

மாட்யூலில் சென்சிட்டிவிட்டியைப் படிப்படியாகக் குறைத்தேன். ஓங்கிய அடி 115-க்கும் 127-க்கும் நடுவில், சாதாரண அடி 80, 90 பக்கம் வந்து நிற்கும் வரை. அடுத்தது திரெஷோல்ட், அதாவது எவ்வளவு மெல்லிய அடி வரை பேட் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிற கோடு. அதை அடிமட்டத்துக்கு இறக்கினேன். இப்போது மெல்லிய அடி 20, 30 என்று வந்தது, கம்பியின் சரசரப்பு காதில் விழுந்தது. அன்றைக்கு இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் நான் குச்சியைத் தொடாதபோதே ஸ்னேர் தானாக முணுமுணுத்தது. வெளியே கண்டெய்னர் லாரி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வந்தது அது. தரை அதிர்வதை பேட் அடி என்று எடுத்துக்கொண்டிருந்தது. திரெஷோல்டை இரண்டு புள்ளி ஏற்றினேன், நின்றது. காலால் வாசிக்கும் கிக்கை மிதித்தால் டாம் டிரம் ஒலிப்பது இன்னொரு தொல்லை. ஒரே இரும்புச் சட்டத்தில் எல்லா பேடும் தொங்குவதால் வருவது அது. அதற்கென்று தனி அமைப்பு மாட்யூலில் இருக்கும், டாம் பக்கம் கொஞ்சம் ஏற்றினால் போதும். கடைசியாக மென்பொருளில் அடியின் பலத்துக்கு எவ்வளவு ஒலி என்று தீர்மானிக்கும் கர்வை என் கைக்கு ஏற்ப வளைத்தேன். இத்தனைக்கும் ஒரு பைசா செலவில்லை, மூன்று இரவுகள் போயின. பெரிய கிட் வாங்கினாலும் இந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும்.

லேப்டாப் வழியில் எல்லோரும் பயப்படுவது தாமதத்துக்கு. பயம் நியாயமானது. அடித்த பிறகு ஒலி வர 10 மில்லி செகண்ட் ஆனால், டிரம்ஸை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்துவிட்டுக் கேட்பது போல. 44,100 ஹெர்ட்ஸில் பஃபர் (லேப்டாப் ஒரு தடவைக்குச் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) 512 என்று இருந்தால் அது மட்டுமே சுமார் 12 மில்லி செகண்டைத் தின்றுவிடும். 128-க்கு இறக்கினால் 3 ஆகிறது. விண்டோஸ் லேப்டாப்பின் சொந்த ஒலி வழியாக இது சரிவராது, தாமதத்தைக் குறைக்கும் அசியோ டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸ் ஒன்று கட்டாயம். 128-ல் என் கை தாமதத்தை உணர்வதில்லை. புளூடூத் ஹெட்போன் பக்கமே போகாதீர்கள். 8 ஜிபி ரேம் எனக்கு மூச்சு வாங்கியது, 16 ஆக்கியபின் சரியாகிவிட்டது.

பெரிய மாட்யூலுக்கு உரிய மரியாதையும் உண்டு. சுவிட்சைப் போட்டால் வாசிக்கலாம், லேப்டாப் எழுந்திருக்கக் காத்திருக்க வேண்டாம். உச்ச விலையில் உள்ளவை வேறு ரகம். 2016-ல் வந்த ரோலண்ட் டிடி-50-ன் ஸ்னேர் பல சென்சார்களோடு யுஎஸ்பி வழியாகப் பேசுகிறது. அதில் ஒரு மணி நேரம் வாசித்தேன், மெல்லிய அடி அத்தனையும் உயிரோடு வந்தது. அதை வாங்க முடிகிறவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. என் கேள்வி நடுவில் இருக்கும் ஒன்றரை லட்சத்தைப் பற்றியது. அந்தப் பணத்தில் ஒரு பெரிய பங்கு மாட்யூலுக்குப் போகிறது, நாளைக்குப் புது மாட்யூல் வந்தால் அதன் மதிப்பு இறங்கிவிடும். மென்பொருளோ, பேடை மாற்றினாலும் கூடவே வரும்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது: பழைய நிஜ டிரம்ஸில் தோலைக் கழற்றி மெஷ் போட்டு, உள்ளே சென்சார் வைப்பது. பெரம்பூரில் ஒரு நண்பர் அப்படிச் செய்திருக்கிறார். ரிச்சி தெருவில் அதிர்வை உணரும் பீசோ தகடுகளும் ஜாக்குகளும் வாங்கி அவரே சாலிடர் செய்தது. 14 இன்ச் ஸ்னேரின் முன்னால் உட்காரும் சுகம் என் கிட்டில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் அதில் வாசித்தது மூன்று மாலைகள்தான். நாள்பட எப்படி உழைக்கும் என்று சொல்ல அது போதாது. சாலிடரிங் கை வந்தவர்கள் யோசிக்கலாம்.

பராமரிப்பில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. உப்புக் காற்று. மூன்றே மாதத்தில் டாம் ஒயரின் ஜாக்கில் பச்சை பூத்து, அடி விட்டு விட்டுக் கேட்டது. இப்போது மாதம் ஒருமுறை எல்லா ஜாக்கையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைக்கிறேன், வாசிக்காதபோது போர்வை போட்டு மூடுகிறேன். மெஷ் தோலையும் கவனிக்க வேண்டும். பறையை நெருப்பில் காய்ச்சி இழுப்பு ஏற்றுவது போல இதற்கும் இழுப்பு முக்கியம். சாவியால் எதிரெதிர் திருகாக, சமமாக முறுக்குங்கள். தொளதொளவென்று இருந்தால் மெல்லிய அடி தொலைந்துபோகும். தோலுக்கு அடியில் நடுவில் இருக்கும் பஞ்சுக் கூம்பு நசுங்கினாலும் அப்படித்தான். நசுங்கினால் புதிது மாற்றுங்கள்.

எந்த கிட் எடுத்தாலும் கீழ் வீட்டை மறக்கக் கூடாது. ஹெட்போனில் வாசிப்பதால் யாருக்கும் தொல்லை இல்லை என்று நினைத்திருந்தேன். இரண்டாம் நாளே வீட்டுக்காரம்மா மேலே வந்து, "தம்பி, சத்தம் ஒண்ணும் இல்ல, ஆனா சீலிங்க இடிக்கிற மாரி கீதுப்பா" என்றார். கிக் பெடலின் இடி தரை வழியாக இறங்கியிருக்கிறது. இரண்டு பிளைவுட் பலகைகளுக்கு நடுவில் 24 டென்னிஸ் பந்துகளை, கீழ்ப்பலகையில் குழி வெட்டி உட்கார வைத்து, அதன் மேல் கிட்டை ஏற்றினேன். பந்துகள் எங்கள் தெருப் பையன்கள் கிரிக்கெட் ஆடித் தேய்த்தவை. அதற்குப் பிறகு ராத்திரி ஒன்பது வரை வாசிக்கிறேன், அம்மா மேலே வரவில்லை.

மேடைக்கு மட்டும் லேப்டாப்பை நான் எடுத்துப் போவதில்லை. கரண்ட் போய் வந்தாலோ, யாராவது யுஎஸ்பி ஒயரில் கால் இடறினாலோ பாட்டு நடுவில் நின்றுவிடும். டிரம்ஸ் வைக்க இடமில்லாத சின்ன ரிசப்ஷன் ஹாலில் மாட்யூலின் ஒலியையே நேராக மிக்ஸருக்குக் கொடுக்கிறேன். மெல்லிய அடி அங்கே சரியாக வராது, ஆனால் அந்தக் கூட்டத்தின் பேச்சுச் சத்தத்தில் அது கேட்கவும் போவதில்லை. மேடையே பிழைப்பு என்கிறவர்கள் பெரிய மாட்யூல் எடுப்பதுதான் சரி.

என் கிட்டில் இன்னும் கைகூடாதது ஹைஹாட், பெடலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பல். முழுசாக மூடியது, முழுசாகத் திறந்தது இரண்டும் நன்றாக வருகிறது. பாதி திறந்து, சிம்பல்கள் ஒன்றோடு ஒன்று உரசும் அந்த இடம்தான் தடுமாறுகிறது. மென்பொருளில் பெடலின் அளவைத் திருத்தியதில் பாதி சரியாயிற்று, மீதிக் குறை பெடலிலேயே இருக்கிறது. நிஜ ஸ்டாண்டில் நிற்கிற ஹைஹாட் பேடுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். என் மாட்யூல் அதை ஏற்குமா என்று ஒயரைச் செருகிப் பார்த்த பிறகுதான் காசு கொடுப்பேன்.