மூணு அடைப்பு: ஸ்டென்ட்டா, பைபாஸா?

ஆஞ்சியோ (இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் பரிசோதனை) முடிந்ததும் மருத்துவர்கள் கேத்லேப், அதாவது அந்தப் பரிசோதனை அறை, வாசலுக்கு வந்து, "மூணு அடைப்பு இருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ விடியக்காலையில் பஸ் ஏறி வந்த குடும்பம் என்ன சொல்லும்? "நெஞ்சைப் பிளக்க வேண்டாம் சார், ஸ்டென்ட்டே வச்சிருங்க." ஸ்டென்ட் என்பது அடைத்த குழாயை விரித்துத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய். பைபாஸ் என்பது நெஞ்சைத் திறந்து, உடம்பின் வேறிடத்து ரத்தக்குழாயை இணைத்து அடைப்பைத் தாண்டி வழி போடும் அறுவை.

மாரடைப்பு வந்தவருக்குப் பெரும்பாலும் ஸ்டென்ட்தான் சரி. அடைத்த குழாயை உடனே திறந்தாக வேண்டும். ஆனால் படி ஏறினால் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்று மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவருக்குப் பொதுவாக அந்த அவசரம் இல்லை. ஆஞ்சியோ சிடியை வாங்கி இதய அறுவை மருத்துவரிடமும் காட்டலாம்.

முதல் மாதத்தை மட்டும் பார்த்தால் ஸ்டென்ட்தான் ஜெயிக்கும். மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு வைத்துவிடுவார்கள், ஓரிரு நாளில் வீடு. பைபாஸ் என்றால் நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டுவார்கள். ஒரு வாரம் ஆஸ்பத்திரி, எலும்பு கூட இரண்டு மூன்று மாதம். அதுவரை பைக் கிடையாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். இணைப்புக்காக ரத்தக்குழாய் எடுத்த கால் வேறு வீங்கும்.

ஆனால் சுகர் இருந்தால் கணக்கு மாறுகிறது. 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வில் பல குழாய்களில் அடைப்புள்ள சுமார் 1,900 சுகர்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். 5 ஆண்டில் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 26.6 சதவீதம், பைபாஸ் பக்கம் 18.7. பக்கவாதம் மட்டும் பைபாஸில் கூடுதல்: பைபாஸில் 5.2 சதவீதம், ஸ்டென்ட்டில் 2.4. அதையும் மறைக்கக் கூடாது.

காரணம் எளிது. ஸ்டென்ட் இருக்கும் அடைப்பை மட்டும் திறக்கிறது. சுகர்காரருக்குக் குழாய் நெடுகக் கொழுப்பு படியும், நாளை பக்கத்திலேயே இன்னொன்று வரும். பைபாஸ் அந்தப் பகுதியையே தாண்டிப் போய் இணைகிறது. அதிலும் மார்புச் சுவரின் உள்தமனியை எடுத்து இணைத்தால் 10 ஆண்டு கழித்தும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் ரத்தக்குழாய்க்கு அந்த ஆயுள் இல்லை.

என்னைக் கேட்டால், மூணு குழாய் அடைப்பும் சுகரும் சேர்ந்தால், உடம்பு தாங்குமானால், பைபாஸ்தான். ஒரே அடைப்பு, அதுவும் சிக்கலில்லாத இடத்தில் என்றால் ஸ்டென்ட் போதும். எண்பதைத் தாண்டி நுரையீரலும் சிறுநீரகமும் தளர்ந்தவருக்கும் பெரும்பாலும் ஸ்டென்ட்தான் வழி. இடது பிரதானக் குழாயில் (இதயத்தின் இடப்பக்கத்துக்கு ரத்தம் தரும் முக்கியக் குழாய்) அடைப்பு என்றால் சிண்டாக்ஸ் ஸ்கோர், அதாவது அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்று காட்டும் மதிப்பெண், எவ்வளவு என்று கேளுங்கள். 22 வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 33ஐத் தொட்டால் பைபாஸ்.

ஸ்டென்ட் வைத்தவர் பல் பிடுங்க வேண்டும் என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். செலவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் இரண்டுக்குமே இடம் உண்டு. அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.