கல்வியியல் பட்டம் இல்லாமல் அமெரிக்காவில் டீச்சர் ஆக எந்த வழி நல்லது?

வேறு துறையில் பட்டம் வாங்கி, சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, அமெரிக்கப் பள்ளியில் டீச்சர் ஆக நினைப்பவர்கள் மறுபடி நாலு வருடம் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை. 1984இல் நியூ ஜெர்சி மாற்று வழி ஒன்றைத் திறந்துவிட்டது. அப்புறம் மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. விளம்பரங்கள் எத்தனை மாதம், எவ்வளவு டாலர் என்றுதான் பேசும். நான் பார்க்கச் சொல்வது வேறு: முதன்முதலாக ஒரு வகுப்பு உங்கள் பொறுப்பில் வரும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

நிறையப் பேர் போவது, வேலை பார்த்துக்கொண்டே சான்றிதழ் வாங்கும் வழி. கோடையில் சில வாரப் பயிற்சி, கையில் தற்காலிக லைசென்ஸ், பள்ளி திறந்ததும் வகுப்பு உங்களுடையது. 1990 முதல் பள்ளிகளுக்கு ஆட்களை அனுப்பிவரும் டீச் ஃபார் அமெரிக்கா என்ற அமைப்பு இந்த வகைதான். இரண்டு வருடம் கற்பிக்க ஒப்புக்கொள்ள வேண்டும். டெக்சஸில் இதையே தனியார் நிறுவனங்கள் பெரிய அளவில் நடத்துகின்றன. முதல் மாதமே முழுச் சம்பளம் வரும், குடும்பம் இருப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். ஆனால் காலையில் தேவைப்பட்டதை மாலை வகுப்பில்தான் படிப்பீர்கள். வழிகாட்டி என்று பெயர் போட்டிருக்கும் ஆசிரியருக்கும் அதே நேரத்தில் சொந்த வகுப்பு இருக்கும். உங்கள் முதல் வருடத்தின் விலையைப் பிள்ளைகள் கொடுப்பார்கள், இதை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

இதற்கு நேர் எதிர், ரெசிடென்சி. பெயரே மருத்துவப் பயிற்சியிலிருந்து வந்தது. சிகாகோவில் 2001இலும் பாஸ்டனில் 2003இலும் தொடங்கிய திட்டங்கள்தான் முன்னோடி. ஒரு கல்வியாண்டு முழுக்க அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பிலேயே இருப்பீர்கள். பெரும்பாலும் வாரத்தில் நாலு நாள் பள்ளி, ஒரு நாள் பாடம்.

அந்த ஒரு வருடத்தில் என்ன கிடைக்கும்? பின்னம் கற்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரு பிள்ளை 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறது. விடை தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். விடை அரையை விடக் குறைவாக வந்திருப்பதைப் பிள்ளையையே கவனிக்க வைத்து, 'அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் குறையுமா?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது, பக்கத்தில் ஒருவர் செய்வதைப் பார்த்துத்தான் வரும். குறை, பணம்தான். அந்த வருடம் சம்பளம் கிடையாது, உதவித்தொகை மட்டும். முடித்தபின் மூன்று வருடம் போல அதே பள்ளி நிர்வாக மாவட்டத்தில் கற்பிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு வருடத்தைச் சமாளிக்க முடியுமென்றால் யோசிக்காமல் இதற்குப் போங்கள் என்பேன்.

ஏற்கெனவே பள்ளியில் உதவியாளராக இருப்பவர்களுக்கு, பட்டம் இல்லாவிட்டாலும், அப்ரென்டிஸ்ஷிப், அதாவது வேலை பார்த்துக்கொண்டே படித்துத் தொழில் பழகுவது, நல்ல வழி. 2022 ஜனவரியில் டென்னசி இதற்கு முதன்முதலாகக் கூட்டாட்சி அரசின் பதிவு பெற்றது. சம்பளம் வந்துகொண்டே இருக்கும், படிப்புச் செலவும் பெரும்பாலும் உங்கள் தலையில் விழாது. வருடங்கள்தான் பிடிக்கும்.

தேர்வு எழுதி மட்டும் சான்றிதழ் வாங்கும், அமெரிக்கன் போர்டு என்ற அமைப்பின் வழி மலிவு, வேகம். ஆனால் அதைச் சில மாநிலங்களே ஏற்கின்றன. பணம் கட்டும் முன் உங்கள் மாநிலக் கல்வித்துறைத் தளத்தைப் பாருங்கள்.

பண உதவியிலும் ஒரு கண் வேண்டும். ஆசிரியர் ஆகப் படிப்பவர்களுக்கான கூட்டாட்சி அரசின் 'டீச்' மானியம் வருடம் 4,000 டாலர் வரை தருகிறது. படித்து முடித்த 8 வருடத்துக்குள், ஆள் பற்றாக்குறையுள்ள பாடத்தில், வசதி குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 4 வருடம் கற்பிக்காவிட்டால், மொத்தமும் வட்டியோடு கடனாக மாறிவிடும். இந்தியப் பட்டம் இருப்பவர்கள் அதை அமெரிக்க மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் முதலில் மதிப்பிட்டு வாங்க வேண்டும். சம்பளம் வரும் வழிகளுக்கு வேலை செய்யும் அனுமதியும் கட்டாயம்.

எந்தத் திட்டத்தின் நேர்காணலுக்குப் போனாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். வழிகாட்டி ஆசிரியருக்கு என் வகுப்பில் வந்து உட்கார வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? போன வருடம் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்னும் கற்பிக்கிறார்கள்? நேராகப் பதில் வராத இடத்தில் சேராதீர்கள்.