சாப்பாட்டுக் கடையா, எஸ்.எல்.டி.என். என்ற தேசிய இரட்டைப் பயிற்சியா?

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துச் சமையலுக்குப் போக நினைக்கும் மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடனே கிடைப்பது, தெரிந்தவர் சாப்பாட்டுக் கடை. முதல் மாதமே சம்பளம்; வெங்காயம் உரிப்பதில் தொடங்கி ரொட்டிச் சானாய் கல் வரை போகலாம்.

கை பழக இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு கிலோ மாவுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் உருண்டைகளை எண்ணெயில் சில மணி நேரம் ஊறவிடாமல் வீசினால் மாவு சுருங்கும், இழுத்தால் கிழியும். மழைநாளில் தண்ணீரைக் கொஞ்சம் குறைக்கணும். இதெல்லாம் விரலுக்குத்தான் புரியும். குறை என்ன? மசாலா அளவைத் தலைமைச் சமையற்காரர் வாய் திறந்து சொல்ல மாட்டார். மங்கு கழுவியே வருடம் ஓடிவிடலாம், கையில் சான்றிதழும் இருக்காது.

எஸ்.எல்.டி.என். முறையில் 70 முதல் 80 விழுக்காடு நேரம் பணியிடத்தில், மீதி பயிற்சி மையத்தில். முடித்தால் எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ். சமைத்ததை 5 முதல் 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏன் கிடத்தக்கூடாது, ஒரு தட்டின் அடக்கவிலை என்ன என்பதை முறையாகக் கற்பிப்பார்கள். சிக்கல், சிறு டவுனில் பயிற்சி தரும் முதலாளி கிடைப்பது அரிது. ஈப்போ ஹோட்டல் என்றால் இரவு ஷிப்டுக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும்.

மோட்டார் இருந்தால் இரண்டாவதே மேல். எந்த வழியானாலும் டைபாய்டு ஊசியும் உணவு கையாளுவோர் பயிற்சியும் கட்டாயம். ஏற்கெனவே கடையில் இருப்பவர்கள், செய்த வேலைக்கான படங்களையும் முதலாளி கடிதத்தையும் சேர்த்து வைத்தால், அனுபவத்தைக் காட்டி பி.பி.டி. (முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை) வழியாக எஸ்.கே.எம். கேட்கலாம்.