லாங் பஜார் ஃபிரேம் கடையில் ஒரு பிரம்பு நாற்காலி

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்த ஃபிரேம் கடையின் சுவரை முருகனும் மகாலட்சுமியும் கல்யாண ஜோடிகளுமே அடைத்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு பழைய பிரம்பு நாற்காலியின் பென்சில் படம் மாட்டியிருந்தது. வாங்கிவிட்டேன். விலை 1,800 ரூபாய், ஃபிரேம் தனி.

அந்தக் காலத்து அரசு அலுவலகங்களில் கிடந்த அதே ரகம்: தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கை வைக்க அகலமான கட்டை. மரவேலை பார்த்தே வயிறு வளர்த்தவன் நான்; நாற்காலிப் படம் என்றால் என் கண் முதலில் மூட்டுக்குத்தான் போகும். பெரும்பாலான படங்களில் குறுக்குச் சட்டம் காலில் பசை போட்டு ஒட்டினாற்போல நிற்கும். இதில் கழுந்து, அதாவது சட்டத்தின் செதுக்கிய முனை, காலின் துளைக்குள் இறங்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி தெரிகிறது. காய்ந்து சுருங்கிய மரம் அப்படித்தான் விட்டுக்கொடுக்கும்.

அடுத்தது பின்னல். பிரம்பு நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடி, இரண்டு மூலைவாட்டமும் சேரும்போது துளை எட்டுப் பட்டையாக அமையும். சோம்பேறிக் கை சதுரக் கட்டம் போட்டு நிழல் தடவிவிடும். இதை வரைந்தவர் துளைக்குத் துளை எட்டுப் பட்டையையும் காட்டியிருக்கிறார். உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்த நடுவில் அவை இழுபட்டுக் கோணியும் போகின்றன. முன் ஓரத்தில் இரண்டு இழைகள் அறுந்து நிற்கின்றன. வலது கைக்கட்டையில் மட்டும் பாலிஷ் தேய்ந்திருக்கிறது. வலக்கையை ஊன்றியே எழுந்த குமாஸ்தா யாரோ!

குறை, படத்துக்கு ஃபிரேம் போட்டதில். கண்ணாடி நேராகத் தாளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பென்சில் கரி நாளடைவில் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் மவுன்ட் அட்டை வைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். "சாமி படத்துக்கே இப்படித்தானே போடுகிறோம், சார்" என்றார் கடைக்காரர். சாமி படம் அச்சு, இது பென்சில் என்று விளக்கியதும் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார், கூலியும் கேட்கவில்லை. ஆனால் பளபளக்கும் சாதாரணக் கண்ணாடிதான். பகலில் பாதி நாற்காலி, பாதி எங்கள் வீட்டு ஜன்னல். வாங்குகிறவர்கள் ஒளி தெறிக்காத கண்ணாடி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அதே கை வரைந்த முக்காலி ஒன்றும் கடையில் இருக்கிறது. பலகை ஒரு பக்கம் சாய்கிறது, கால்கள் வேறு பக்கம் சாய்கின்றன. உட்கார்ந்தால் ஆள் விழுவது நிச்சயம். அதை எடுக்கவில்லை.