அணிவகுத்துப் பறக்கும் பயிற்சி: ஐந்து பறப்புகளுக்குப் பின்

இரண்டு இருக்கைகள் கொண்ட, தாழ்ந்த இறக்கையுள்ள இலகுரக விமானத்தில் அணிவகுத்துப் பறக்கக் கற்றுத்தரும் ஐந்து பறப்புப் பயிற்சியை அண்மையில் முடித்தேன். ஓய்வுபெற்ற போர் விமானி ஒருவர் கற்பித்தார்.

விமானிகள் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளாமல் அணியாகப் பறக்கக் கூடாது என்பது சர்வதேச வான் விதி. இங்கே அது ஏட்டோடு நிற்கவில்லை. வானொலியில் யார் பேசுவது, அணியை வழிநடத்தும் முன்னோடி விமானம் கண்ணிலிருந்து மறைந்தால் எந்தப் பக்கம் விலகுவது என்பதையெல்லாம் தரையிலேயே நடந்து காட்டி, எங்களையும் நடக்க வைத்தார்கள்.

வானில் கற்க வேண்டியது பார்வைதான். முன்னோடியின் இறக்கை நுனி விளக்கு அதன் உடற்பகுதியில் குறித்துக் கொடுத்த புள்ளியின் மேல் பொருந்தியிருக்க வேண்டும். அது மூக்குப் பக்கம் நகர்ந்தால் நாம் பின்தங்குகிறோம், வால் பக்கம் நகர்ந்தால் முந்துகிறோம். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலில் என் கை ஒரு நொடிகூட ஓயவில்லை. ஜெட் எஞ்சின் வேகமெடுக்கத் தாமதிக்கும் என்பதால், போர் விமானிகள் சுழற்சியைக் குறைக்காமல் வேகத்தடைப் பலகையை விரித்தே வேகத்தைக் கட்டுப்படுத்துவதுண்டு என்று ஆசிரியர் விளக்கியபோது, உடனே ஈடுகொடுக்கும் எங்கள் பிஸ்டன் எஞ்சினின் அருமை புரிந்தது.

மூன்றாம் பறப்பில், திரும்பிக்கொண்டிருந்த முன்னோடியுடன் உட்புறமாகச் சேரும்போது, மிகை வேகத்தில் நெருங்கிவிட்டேன். பதற்றத்தில் இன்னும் சாய்க்கப் போனேன். சாய்த்திருந்தால் என் விமானத்தின் வயிறே முன்னோடியை மறைத்திருக்கும். ஆசிரியர் கட்டுப்பாட்டை வாங்கி, இறக்கைகளைச் சமப்படுத்தி, முன்னோடிக்குக் கீழும் பின்னுமாகத் திருப்பத்தின் வெளிப்புறம் கொண்டுசென்றார். கட்டணம் முழுவதும் அந்தச் சில நொடிகளுக்கே தகும்.

குறைகளும் உண்டு. பறப்புக்குப் பிந்தைய கலந்தாய்வு, அடுத்த மாணவர் காத்திருக்கிறார் என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நான் செய்த தவறு எங்கே தொடங்கியது என்று பார்க்கக் காணொளிப் பதிவும் இல்லை. இதைவிடப் பெரிய குறை, முன்னோடியை எதுவரை நம்புவது என்ற கேள்வியைப் போகிறபோக்கில் தொட்டுவிட்டு நகர்ந்தது. 1982 ஜனவரி 18 அன்று நெவாடாவில் அமெரிக்க விமானப்படையின் தண்டர்பேர்ட்ஸ் என்ற வான்சாகசக் குழுவைச் சேர்ந்த நான்கு டி-38 ஜெட்டுகள், வானில் வளையமடித்து இறங்குகையில், முன்னோடியும் அதைப் பின்பற்றிய மூன்றுமாகச் சேர்ந்தே தரையில் மோதின. விமானிகள் நால்வரும் இறந்தனர். முன்னோடியின் மீது மட்டும் கண் வைத்துப் பறக்கப் பழக்கும் ஒரு பயிற்சியில் இதற்கென்று ஒரு வகுப்பாவது வேண்டாமா?

ஆறாவது பறப்புக்கும் பதிவு செய்திருக்கிறேன். கலந்தாய்வுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று படிவத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன்.